தெரியாது என்று சொல்லத் தெரியாத அரசுகள்

2021 ஏப்ரல் கடைசி வாரம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை சாலைவரை நீண்டுவிடும். எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆர்.டி.பி.சி.ஆர். ரிசல்ட், சி.டி. ஸ்கேன், டாக்டர் சீட்டு, ஆதார் நகல். உள்ளே கவுன்ட்டர் போட்டுத் தமிழக அரசே ரெம்டெசிவிர் என்ற கோவிட் மருந்தை விற்றுக்கொண்டிருந்தது. வெளியூர்களிலிருந்து கார் பிடித்து வந்தவர்கள் இருந்தார்கள். நடைபாதையில் துண்டை விரித்து இரவைக் கழித்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் மறுநாளும் அதே வரிசை. இன்னொரு பக்கம் கள்ளச்சந்தையில் அதே குப்பி பல மடங்கு விலைக்குப் போனது. மே மாத நடுவில் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் கூட்டம் அடங்கவில்லை. சில நாட்களிலேயே நேரடி விற்பனையை நிறுத்திவிட்டு, இனி மருத்துவமனைகளுக்கே மருந்து போகும் என்று அரசு அறிவித்தது.

அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோரின் காதுக்கு எட்டாத செய்தி ஒன்று உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் நடத்திய சாலிடாரிட்டி ஆய்வின் முதல் முடிவு வெளிவந்திருந்தது. 30 நாடுகள், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இந்தியாவும் அதில் பங்கெடுத்த நாடு. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் மரணத்தை ரெம்டெசிவிர் குறைத்ததாகத் தெரியவில்லை என்பது அந்த முடிவு. நவம்பரில், நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் மருத்துவமனை நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அதே நிறுவனம் சொன்னது. அமெரிக்க ஆய்வொன்று வேறு மாதிரி சொன்னது: குணமாகும் நாட்கள் 15-லிருந்து 10 ஆகக் குறைகின்றன. நோயின் ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் உண்டு, ஆக்சிஜன் தேவைப்படுகிற சிலருக்குச் சிறிய பலன் இருக்கலாம் என்பதெல்லாம் பின்னால்தான் தெளிந்தது. ஆக, அன்றைய நிலவரம் ஒரு குழப்பமான, பாதி தெரிந்த நிலவரம். அந்தக் குழப்பம் கீழ்ப்பாக்கம் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது 'உயிர்காக்கும் மருந்து' என்ற இரண்டே சொற்களாகியிருந்தது. தாலியை அடகு வைத்தாவது வாங்கியாக வேண்டிய பொருளாகிவிட்டது.

இந்தக் கட்டுரை கேட்பது இதைத்தான். அறிவியல் இன்னும் தீர்ப்புச் சொல்லாத நேரத்தில் ஒரு அரசு அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறது?

புதிய கிருமி வந்து நிற்கும்போது எந்த அரசுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. முழுத் தெளிவு வரட்டும் என்று காத்திருந்தால் பிணங்கள்தான் விழும். அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதற்காக மட்டும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பிறகு அந்த முடிவு தவறென்று தெரிந்தாலும் கூட ஏற்ற முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தனக்குள் இருந்த சந்தேகத்தை அரசு மக்களிடம் சொன்னதா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஏதாவது ஏற்பாடு செய்ததா? தீர்ந்த பிறகு, வந்த விடை தனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அதன்படி நடந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம் நாடு மிகவும் சறுக்கியது. அதற்கு பிளாஸ்மா கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இந்தியாவே கேள்வி கேட்டது, இந்தியாவே விடை கண்டது

நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருட்கள் இருக்கும். அவற்றை எடுத்து நோயாளிக்கு ஏற்றினால் பிழைக்க மாட்டாரா? நூறாண்டுக்கும் மேற்பட்ட யோசனை இது. தொண்டை அடைப்பானுக்கு இந்த வழியில் சீரம் கண்டுபிடித்த எமில் வான் பேரிங்குக்குத்தான் 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. 1918 பெருந்தொற்றிலும் மருத்துவர்கள் இதை முயன்றார்கள். ஆகவே 2020-இல் பிளாஸ்மாவின்மேல் நம்பிக்கை வைத்ததில் மூடத்தனம் ஏதும் இல்லை.

அந்த ஜூலையில் டெல்லி அரசு பிளாஸ்மா வங்கி திறந்தது. அதே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் திறந்தார்கள். அமைச்சர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், குணமானவர்கள் வந்து கை நீட்டினார்கள். கொடுத்தவர்கள் உண்மையான கருணையோடு கொடுத்தார்கள், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

இதற்கிடையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., உலகமே பாராட்டிய ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. பிளாசிட் என்று பெயரிட்டு ஒரு சோதனை. நாடு முழுவதும் 39 அரசு, தனியார் மருத்துவமனைகள். மிதமான கோவிட் பாதிப்போடு சேர்ந்த 464 பேர். யாருக்குப் பிளாஸ்மா, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகத்தான் பிரிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு குழுவும் ஒரே தரத்தில் இருக்கும், வித்தியாசம் தெரிந்தால் அது மருந்தால்தான் என்று சொல்லலாம். 235 பேருக்கு 200 மில்லி வீதம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ஏற்றினார்கள். 229 பேருக்கு ஏற்றவில்லை. ஊரடங்கு, பயம், படுக்கைப் பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் நடுவில் ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் நோயாளிகளைச் சேர்த்து முடித்துவிட்டார்கள். உலகில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு பெரிய சோதனை அதற்கு முன் முடிந்ததில்லை.

28 நாட்களுக்குள் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள்: பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேர், பெறாதவர்களில் 41 பேர். நூற்றுக்கு 19, நூற்றுக்கு 18. இறப்பை மட்டும் எடுத்தால் 34, 31. பலன் இல்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அச்சேறியது. மறுப்பும் வந்தது, அதுவும் நியாயமான மறுப்புதான். கொடையாளர்கள் பலரின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் குறைவாக இருந்தது, முன்கூட்டி அளந்து பார்க்கும் வசதி அப்போது இல்லை, செறிவான பிளாஸ்மா கொடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றார்கள். அந்தக் கேள்விக்கு விடை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே ரெகவரி என்ற பெயரில் நடந்த பெரும் சோதனையில் 11,500-க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் செறிவான பிளாஸ்மாவையே கொடுத்துப் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் முடிவு தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே இறப்பு விகிதம்.

இனி என்ன பாக்கி? ஐ.சி.எம்.ஆர். தலைவர் 2020 அக்டோபரிலேயே பிளாஸ்மாவைத் தேசியச் சிகிச்சை வழிகாட்டுதல் பட்டியலிலிருந்து நீக்குவது பற்றி யோசிக்கிறோம் என்றார். நவம்பரில் கண்டபடி பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு அறிவுரை வந்தது. பட்டியலில் மட்டும் பிளாஸ்மா அப்படியே இருந்தது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை அடித்தபோது நம் எல்லோருடைய கைப்பேசியும் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 'அவசரம், ஏ பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை, மருத்துவமனை, படுக்கை எண், தொடர்புக்கு மகன்.' அப்பா மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் இருக்க வேண்டிய மகன் கொடையாளரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தான். தன்னார்வலர்கள் தூங்காமல் பட்டியல் தயாரித்தார்கள். பலனில்லை என்று இந்தியாவே பணம் செலவழித்து, இந்திய நோயாளிகளை வைத்து, நிரூபித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மே மாதம் வேலூர் சி.எம்.சி.யின் ககன்தீப் காங் உட்பட மருத்துவ அறிஞர்கள் பலர், அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினார்கள். இந்தப் பயன்பாடு அறிவியலுக்குப் புறம்பானது, நோயாளிகளின் குடும்பங்களை அலைக்கழிக்கிறது, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் வைரஸின் புதிய வகைகள் உருவாகக்கூட இது வழிவிடலாம் என்றார்கள். அதற்குச் சில நாட்களில், மே 17 அன்று, பிளாஸ்மா பட்டியலிலிருந்து போனது. அதாவது அலை உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகு.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அதே அரசு வேகமாகவும் இயங்கியிருக்கிறது. 2020 ஜூன் 16 அன்று ரெகவரி சோதனையிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது. ஜூன் 27-க்குள் இந்தியா அதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டது. பதினொரு நாள். 'இது வேலை செய்கிறது' என்ற செய்திக்குப் பதினொரு நாள், 'இது வேலை செய்யவில்லை' என்ற செய்திக்கு எட்டு மாதம். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில் அரசுகளுக்கு உள்ள பயம் இது. வங்கி திறந்தாகிவிட்டது, ரிப்பன் வெட்டியாகிவிட்டது, மக்கள் நம்பிவிட்டார்கள். கையில் வேறொன்றும் இல்லாத நேரத்தில் இருக்கிற நம்பிக்கையையும் பறிப்பதா என்ற தயக்கத்தில் மனிதத்தன்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்துக்கான விலையை அமைச்சரோ அதிகாரியோ கொடுக்கவில்லை, அந்த மகன்தான் கொடுத்தான்.

அமெரிக்காவிலும் பிளாஸ்மா இப்படித்தான் ஆட்டிவைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லாமலே 70,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்றினார்கள். 2020 ஆகஸ்ட் 23 அன்று, குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு முந்தைய நாள், அதிபர் டிரம்ப் முன்னிலையில் அவசர அனுமதி அறிவிக்கப்பட்டது. நூறு நோயாளிகளில் 35 பேர் இதனால் பிழைப்பார்கள் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவர் ஸ்டீபன் ஹான் மேடையில் சொன்னார். புள்ளிவிவரத்தை அவர் தப்பாகப் படித்திருந்தார். மறுநாளே விமர்சனம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டார். அனுமதி அப்படியே தொடர்ந்தது.

ஒரு ஹாம்பர்கரும் ஒரு முதுகுத்தண்டும்

அரசுகளின் இந்தப் போக்கு கோவிட்டோடு பிறந்த வியாதி இல்லை. 1986-இல் பிரிட்டனில் மாடுகள் தள்ளாடி விழத் தொடங்கின. மூளை பஞ்சுபோல ஓட்டையாகும் புதுநோய். செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதில் பரவியது. மனிதருக்கு வருமா? யாருக்கும் தெரியாது. ஆக்ஸ்போர்டின் விலங்கியல் பேராசிரியர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையில் குழு போட்டார்கள். 1989 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, மனிதருக்கு வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: எங்கள் கணிப்பு தவறாக இருந்தால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும்.

முதல் வாக்கியத்தை அமைச்சர்கள் ஆண்டுக்கணக்கில் ஒப்பித்தார்கள். இரண்டாவது வாக்கியம் கோப்புக்குள்ளேயே இருந்துவிட்டது. 1990 மே மாதம், பூனை ஒன்று இதே மாதிரி நோயில் செத்துப்போய் நாடு பதறியபோது, வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். அந்தப் படம் இன்றுவரை அவரைத் துரத்துகிறது.

பர்கர் படம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட முக்கியமான விஷயம் கசாப்புக்கூடங்களில் நடந்தது. 1989 நவம்பரிலேயே மூளை, முதுகுத்தண்டு உள்ளிட்ட ஆபத்தான உறுப்புகள் மனித உணவில் சேரக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டது. அருமையான சட்டம், எத்தனையோ உயிர்களைக் காத்த சட்டம். ஆனால் அது ஏன் என்று சொல்லும்போது மட்டும் அரசு மழுப்பியது. ஆபத்து இல்லை, ஒரு கூடுதல் முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான் என்றது. விளைவு என்ன? பிளந்த மாட்டின் முதுகெலும்புக் குழியிலிருந்து தண்டுவடத்தை முழுசாகச் சுரண்டி எடுப்பது சிரமமான வேலை. ஆபத்தே இல்லை என்று அமைச்சரே சொல்லும்போது, வேகமாக ஓடும் வரிசையில் நிற்கும் தொழிலாளி எதற்காக ஒரு விரல்கடைத் துண்டைத் தேடிச் சுரண்டுவார்? சோதிக்க வரும் அதிகாரிதான் எதற்காகக் குனிந்து பார்ப்பார்? 1995-இல் திடீர்ச் சோதனை நடத்தியபோது, சுத்தம் என்று முத்திரை குத்திய இறைச்சியிலும் தண்டுவடத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முதுகெலும்பிலிருந்து இயந்திரத்தால் வழித்தெடுக்கும் இறைச்சி மலிவான பர்கர்களுக்கும் சாசேஜ்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் அதைத் தடுத்தார்கள்.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளம்வயதினரைத் தாக்கும் புதுவகை மூளைநோய் பத்துப் பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, மாட்டுநோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றார். பிரிட்டனில் அந்த நோய்க்கு இதுவரை பலியானவர்கள் 178 பேர். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று எரித்தார்கள்.

நீதிபதி பிலிப்ஸ் தலைமையில் நடந்த விசாரணை 2000 அக்டோபரில் முடிந்தது. அமைச்சர்கள் பொய் சொன்னதாக அவர் சொல்லவில்லை. ஆபத்து சொற்பம் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். மக்கள் பீதியடைந்துவிடுவார்களே என்ற கவலைதான் எல்லா முடிவுகளையும் வளைத்தது என்றார். அந்த அறிக்கை என்னை இப்போதும் உலுக்குகிறது. மக்கள் பயப்படக் கூடாது என்பதற்காக அரசு மூடிவைத்த அந்தச் சந்தேகம்தான், கத்தி பிடித்திருந்த தொழிலாளிக்கு மிகவும் தேவைப்பட்ட தகவல். அதைச் சொல்லாததால் போட்ட சட்டமே பாதி வேலை செய்யவில்லை. பீதியைத் தடுக்கத்தானே மறைத்தோம் என்று எந்த அரசு சொன்னாலும் இந்த முதுகுத்தண்டு எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

கேள்வியே கேட்காமல் விட்டது

2020 மார்ச் 23. இந்தியாவில் நோயாளிகள் சில நூறு பேர்தான். மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவப் பணியாளர்களும், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் முன்தடுப்பாகச் சாப்பிடலாம் என்று ஐ.சி.எம்.ஆர். அறிவித்தது. கையில் இருந்த ஆதாரம் பெரும்பாலும் ஆய்வகக் குடுவைக்குள் நடந்த சோதனைகள். அவசரத்தில் அப்படி முடிவெடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். குறை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாடு முழுவதும் மருத்துவர்களும் செவிலியர்களும் சாப்பிடத் தொடங்குகிறார்கள். இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முதலில், மற்றவர்களுக்குச் சில வாரம் கழித்து என்று கொடுத்திருந்தால் உலகத்துக்கே விடை சொல்லியிருப்போம். அந்த அறிவுரையோடு அப்படி ஒரு சோதனை வரவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பின்னோக்கி ஒப்பிட்ட ஆய்வுகளைக் காட்டி, மே மாதம் காவல்துறையினர் உள்ளிட்ட முன்களப் பணியாளர்களுக்கும் பரிந்துரையை விரித்தார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 821 பேரிடம் நடத்திய சோதனை, தொற்றாளரோடு பழகிய பிறகு இதைச் சாப்பிட்டும் பயனில்லை என்றது. அதே வாரத்தில் ரெகவரி சோதனை, மருத்துவமனை நோயாளிகளுக்கும் பயனில்லை என்றது. மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககத்தின் வழிகாட்டுதலிலிருந்து இந்த மாத்திரை போனது ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கபசுரக் குடிநீரை அரசு தெருத்தெருவாகக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சினோம். சிறிய அளவில் சில ஆய்வுகளும் நடந்தன. ஆனால் இத்தனை பெரிய விநியோகத்தையே ஒரு சோதனையாக வடிவமைத்து, எந்தெந்த வார்டுக்கு எப்போது போகிறது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, யாருக்கு நோய் வந்தது என்று எண்ணியிருக்கலாம். சித்த மருத்துவத்தின்மேல் உண்மையான மதிப்பு உள்ளவர்கள்தான் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். நல்லது என்று தெரிந்தால் உலகுக்கே கொடுத்திருப்போம். இன்றைக்கு ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் கையில் கணக்கில்லாமல் கத்திக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டன் நல்ல அரசு, நாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. அந்த நாட்டின் ஊரடங்குத் தாமதத்தை அவர்களுடைய விசாரணை ஆணையமே கடுமையாகக் கண்டித்திருக்கிறது. ஆனால் ரெகவரி சோதனை விஷயத்தில் அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டும். ஆக்ஸ்போர்டின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லேண்ட்ரேயும் சில நாட்களில் திட்டம் எழுதி, மார்ச் 19 அன்று முதல் நோயாளியைச் சேர்த்தார்கள். களைத்துப்போன டாக்டரும் நிரப்பக்கூடிய அளவுக்குச் சின்னப் படிவம். நிரூபிக்கப்படாத மருந்துகளைத் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்காதீர்கள், சோதனையில் சேர்த்துக் கொடுங்கள் என்று தலைமை மருத்துவ அதிகாரிகளே எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுதினார்கள். 'தெரியாது' என்பதை ஒப்புக்கொண்ட அரசாங்கக் கடிதம் அது. மூன்றே மாதத்தில் டெக்சாமெத்தசோன் கிடைத்தது. நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் பிழைத்து வந்த பலர் அந்தக் கடிதத்துக்கும் கடன்பட்டவர்கள்.

இரண்டு எண்கள், ஒரு முடிவு

இந்தியாவுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு மருந்தால் வந்ததில்லை. ஒரு கணிப்பால் வந்தது.

2020 அக்டோபரில், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த கணித வல்லுநர் குழு, இந்தியா உச்சத்தைக் கடந்துவிட்டது, நாட்டில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோய்விட்டது, கட்டுப்பாடுகளைக் கடைப்பிடித்தால் பிப்ரவரிக்குள் நோய் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றது. 2021 பிப்ரவரி 4 அன்று வேறொரு எண் வந்தது. சென்னையிலிருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முன்னின்று நடத்திய மூன்றாவது ரத்த ஆய்வு அது. நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாகப் போய், ஊசி குத்தி, ரத்தம் எடுத்துப் பரிசோதித்து வந்த எண். ஐந்தில் ஒருவருக்குத்தான் தொற்று வந்துபோயிருக்கிறது. மீதி நான்கு பேருக்குப் பாதுகாப்பு இல்லை.

ஒன்று சூத்திரத்தில் விளைந்த எண். இன்னொன்று மக்களின் நரம்பிலிருந்து எடுத்த எண். எதை நம்பியிருக்க வேண்டும் என்பதில் பெரிய அறிவியல் சிக்கல் ஏதும் இல்லை. இன்னும் எளிதில் தொற்றக்கூடியவர்கள் ஏராளம் என்று ஐ.சி.எம்.ஆர்.கூட அன்று எச்சரித்தது. ஆனால் ஜனவரி இறுதியில் பிரதமர் டாவோஸ் மாநாட்டில் இந்தியா பேரழிவிலிருந்து உலகைக் காத்தது என்று பேசி முடித்திருந்தார். மார்ச் 7 அன்று சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், நாம் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறோம் என்றார். கும்பமேளா நடந்தது. ஐந்து சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. தமிழ்நாட்டிலும் எல்லாக் கட்சிகளும் மைதானத்தை நிரப்பின, ஒரு கட்சியையும் விலக்க முடியாது. மார்ச் 7 அன்று நாளொன்றுக்குச் சுமார் 18,000 ஆக இருந்த புதிய தொற்று, மே முதல் வாரத்தில் 4 லட்சத்தைத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள், எங்களுக்குத் தரவுகளைத் தாருங்கள் என்று பிரதமருக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. பரிசோதனைத் தரவு அரசிடம் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

அடுத்த மாதமே தடுப்பூசித் தட்டுப்பாடு. மே 13 அன்று கோவிஷீல்டு இரண்டு தவணைகளுக்கு நடுவிலான இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். பிரிட்டனின் தரவுகளைப் பார்த்து, அறிவியல் அடிப்படையில் எடுத்த முடிவு என்றார்கள். மறுநாள், மே 14 அன்று, அதே பிரிட்டன் டெல்டா வகைக்குப் பயந்து 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 12 வாரத்தை 8 ஆகக் குறைத்தது. ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவோடு தொடர்புடைய மூன்று வல்லுநர்கள், நாங்கள் ஒப்புக்கொண்டது 8 முதல் 12 வாரம்தான், 16 வரை நீட்டத் தரவு இல்லை என்றார்கள். அவர்களில் எம்.டி. குப்தே சென்னைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர், ஜே.பி. முளியில் வேலூர்க்காரர். அரசுத் தரப்போ குழுவில் ஒருவரும் எதிர்க்கவில்லை என்றது. கூட்டக் குறிப்பை அன்றே பொதுவெளியில் வைத்திருந்தால் இந்தச் சர்ச்சைக்கே இடமில்லை.

நீண்ட இடைவெளியில் எதிர்ப்பாற்றல் கூடுகிறது என்பது உண்மை. தடுப்பூசி குறைவாக இருக்கிறது, நிறையப் பேருக்கு ஒரு தவணையாவது போட்டுவிடுவோம் என்பதும் நேர்மையான வாதம். 2020 டிசம்பரில் பிரிட்டன் அந்த வாதத்தை வெளிப்படையாகச் சொல்லித்தான் இடைவெளியை நீட்டியது. நம்மிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கையிருப்புக்காக எடுத்த முடிவுக்கு அறிவியல் சட்டை போட்டார்கள் என்ற சந்தேகம் மக்களுக்கு வந்துவிட்டது. அடுத்து அறிவியல் என்று உண்மையாகவே ஒன்றைச் சொல்ல வரும்போது அந்தச் சந்தேகம் குறுக்கே நிற்கும்.

இப்போது செய்ய வேண்டியது

2022 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு, இரண்டாம் அலையில் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளைக் காலத்தோடு எடுத்திருந்தால் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதியது. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் உள்ள குழு அது. அதற்குமேல், பிலிப்ஸ் நடத்தியது போல, கோப்புகளைத் திறந்து, அமைச்சர்களையும் ஆலோசகர்களையும் எதிரே உட்காரவைத்து, எந்தத் தேதியில் எந்த எண் யார் மேசையில் இருந்தது என்று கேட்கும் தேசிய விசாரணை நமக்கு வாய்க்கவில்லை. பிளாஸ்மா அந்த எட்டு மாதம் ஏன் பட்டியலில் இருந்தது என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோவிட் போய்விட்டதே, இனி எதற்கு இந்தப் பேச்சு என்பவர்கள் கேரள எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச்சாவடியைப் பார்க்க வேண்டும். 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா வைரஸ் 17 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகும் கேரளத்தில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோவை, நீலகிரி எல்லைகளில் நம் சுகாதாரத் துறையினர் காய்ச்சல் பார்த்து ஆளனுப்புகிறார்கள். நிபாவுக்கு நிரூபணமான மருந்து கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்த ஓர் எதிர்ப்பொருள் மருந்து இருக்கிறது. 2018-லேயே கேரளத்துக்கு வந்தது. 2023-இல் இன்னும் 20 டோஸ் தருவிக்கிறோம் என்று ஐ.சி.எம்.ஆர். சொன்னது. ஆரோக்கியமானவர்களிடம் பாதுகாப்புச் சோதனை முடித்திருக்கிறார்கள். நோயாளியை அது காப்பாற்றுமா என்பது மட்டும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் நோயாளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால் ஒரே அலையில் விடை கிடைக்காது. கேரளம், மேற்கு வங்கம், வங்கதேசம் எல்லாவற்றையும் சேர்த்து, பல ஆண்டுகளுக்கு நீளும் ஒரே சோதனைத் திட்டம் வேண்டும். படிவம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், குடும்பத்தாரிடம் மலையாளத்திலும் வங்க மொழியிலும் தமிழிலும் 'இது பலன் தருமா என்று எங்களுக்குத் தெரியாது' என்று சொல்வதற்கான வாசகம், முடிவு வந்தால் எத்தனை நாளுக்குள் வழிகாட்டுதல் மாறும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி, இத்தனையும் நோய் இல்லாத மாதங்களிலேயே தயாராக இருக்க வேண்டும். அடுத்த முறை அந்த மருந்து ஒருவருக்கு ஏற்றப்படும்போது, அந்தச் சோதனையில் அவர் எத்தனையாவது நோயாளி என்ற எண் அவருடைய கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.